போர்ஷ எம்96 எஞ்சினின் இடைத்தண்டு பேரிங்

போர்ஷ நிறுவனத்தின் எம்96, எம்97 எஞ்சின்களில் இடைத்தண்டைத் தாங்கும் சிறிய பால் பேரிங். 1990-களின் பிற்பகுதி முதல் 2008 வரை பாக்ஸ்டர், கேமன், 911 ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த எஞ்சின்கள் இடம்பெற்றன. உள்ளங்கையில் அடங்கும் இந்த பேரிங் உடைந்தால் எஞ்சினே பாழாகும். பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கக்கூடிய பழுது இது.

அமைப்பு

கிராங்க் தண்டுக்குக் கீழே இடைத்தண்டு உள்ளது. கிராங்க் தண்டு அதைச் செயினால் சுழற்றுகிறது. அது வேறு செயின்கள் வழியே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளைச் சுழற்றுகிறது. அதன் ஃப்ளைவீல் பக்க முனையை, கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங் தாங்குகிறது. தொடக்கத்தில் இரட்டை வரிசைக் குண்டுகளும், ஏறக்குறைய 2000 முதல் 2005 வரை ஒற்றை வரிசைக் குண்டுகளும் இருந்தன. அதிகம் பழுதானது ஒற்றை வரிசை பேரிங்தான். 2001–2005 மாடல்கள் குறித்து அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2013-இல் உடன்பாட்டுக்கு வந்தது.

பழுதாகும் விதம்

நாளடைவில் பேரிங்கின் சீல் இறுகி, எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. புகுந்த ஆயில் புதுப்பிக்கப்படாமல் அங்கேயே தேங்குகிறது. அதிலுள்ள ஈரமும் அமிலமும் குண்டுகளை அரிக்கின்றன. குறுந்தூரம் மட்டும் ஓடும் கார்களில் ஆயில் போதிய அளவு சூடாவதில்லை, ஈரமும் ஆவியாவதில்லை. எனவே குறைவாக ஓடிய கார் என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. பேரிங் உடைந்தால் இடைத்தண்டு தடம் மாறும், டைமிங் தவறும், பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும்.

தடுப்பு

- ஏறக்குறைய 8,000 கிலோமீட்டருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது.
- ஒவ்வொரு முறையும் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். காந்தம் பொருத்திய வடிகால் போல்ட்டும் துகளைக் காட்டிக்கொடுக்கும்.
- எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்ட வேண்டும். உயர் கியரில் மிகக் குறைந்த சுழற்சியில் எஞ்சினைத் திணறவிடக் கூடாது.
- கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றுவது சிக்கனம். இரண்டுக்கும் கியர்பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். செராமிக் குண்டு பேரிங், அழுத்தத்தில் ஆயில் பெறும் புஷ் ஆகியவை மாற்றாகக் கிடைக்கின்றன.

மாற்றுவதற்கு முன் எஞ்சினைச் சோதிப்பது இன்றியமையாதது. ஆயிலில் ஏற்கெனவே உலோகத் துகள் பரவியிருந்தால், புதிய பேரிங் மட்டும் அந்த எஞ்சினைக் காப்பாற்றாது.

பிற்கால மாற்றங்கள்

2006–2008 மாடல்களில் பேரிங் பெரிதாக்கப்பட்டது. அது வலுவானது; ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 கார்களின் மெட்ஸ்கர் வகை எஞ்சினில் இடைத்தண்டை ஆயில் அழுத்தத்தில் இயங்கும் புஷ்கள் தாங்கியதால் இச்சிக்கல் எழவில்லை. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் இடைத்தண்டே கைவிடப்பட்டது.