வேதாகமக் குறிப்புகளை மென்பொருளில் ஏற்றுதல்

வேதாகம வசனங்களுக்கு எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகளை அவற்றின் உரிமையாளரே திறந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தால், யார் வேண்டுமானாலும் அவற்றை ஆய்வு மென்பொருளுக்கு ஏற்ற கோப்பாக மாற்றி, வசனத்தைத் திறந்ததும் குறிப்பு பக்கத்தில் தோன்றும்படி அமைக்கலாம். கோப்பை மாற்றுவது சிறிய வேலை. ஒவ்வொரு குறிப்பையும் அதற்குரிய வசனத்தில் உட்காரவைப்பதுதான் பெரிய வேலை.

மேத்யூ ஹென்றியின் விளக்கவுரை போன்ற பழைய நூல்களுக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், இலவச மென்பொருள்களில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஹென்றி இறந்தது 1714இல். அதற்குப் பிந்திய அகழாய்வும் மொழியாய்வும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இக்காலக் குறிப்புகளோ பெரும்பாலும் பதிப்பகங்களின் சொத்து. இந்த நிலைமைக்கு விலக்காக இரண்டு தொகுப்புகளைச் சொல்லலாம். ஒன்று, டின்டேல் பதிப்பகம் தன் என்.எல்.டி. ஆங்கில மொழிபெயர்ப்பின் ஆய்வு வேதாகமத்திலிருந்து எடுத்து வெளியிட்ட ‘டின்டேல் ஓப்பன் ஸ்டடி நோட்ஸ்’. மற்றொன்று, அன்ஃபோல்டிங்வேர்டு அமைப்பு மொழிபெயர்ப்பாளர்களுக்காகத் தயாரித்த ‘டிரான்ஸ்லேஷன் நோட்ஸ்’. இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடுக, அதேபோல் பகிர்க’ 4.0 உரிமத்தில் உள்ளவை.

உரிமம்

இந்த உரிமத்தின்படி நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். மூலத்தாரின் பெயரைச் சொல்ல வேண்டும். திருத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். திருத்திய வடிவத்தையும் இதே உரிமத்தில் விட வேண்டும். மற்றவர் இந்த உரிமையைப் பயன்படுத்த முடியாதபடி மின்னணுப் பூட்டு போடக் கூடாது.

எளிதில் கண்ணில் படாமல் போவது வணிகக்குறி. அன்ஃபோல்டிங்வேர்டின் படைப்பை மாற்றாமல் அப்படியே பரப்பினால் அதன் குறி நிற்க வேண்டும்; திருத்தினாலோ மொழிபெயர்த்தாலோ குறியை எடுத்துவிட வேண்டும். மூலம் யாருடையது என்ற நன்றிக்குறிப்பு மட்டும் இருக்கும். இன்னொன்று: டின்டேலின் குறிப்புகள் திறந்தவை என்பதால் என்.எல்.டி. வசனங்களும் திறந்தவை ஆகிவிடவில்லை. அந்த மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை நடைமுறையில்தான் இருக்கிறது.

கோப்பு வடிவம்

கிராஸ்வயர் பைபிள் சொசைட்டி உருவாக்கிய சோர்டு என்ற கட்டற்ற மென்பொருள் நூலகத்தை பைபிள்டைம், ஸைஃபாஸ் போன்ற செயலிகள் பயன்படுத்துகின்றன. அதற்கு விளக்கவுரை ஏற்ற உதவும் ‘இம்ப்’ வடிவம் வியக்கத்தக்க அளவுக்கு எளிது: மூன்று டாலர் குறி போட்டு வசன எண், அடுத்த வரியில் குறிப்பு. அதை ஒரு கருவியின் வழியே செலுத்தி, பெயர், மொழி, உரிமம், எழுத்துக் குறியீடு ஆகியவற்றைச் சொல்லும் சிறு அமைப்புக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால் தொகுதி தயார். மற்ற ஆய்வு மென்பொருள்களில், இ-சோர்டு குறிப்புகளை எஸ்கியூலைட் தரவுத்தளமாக எதிர்பார்க்கிறது. லோகோஸ் வேர்டு ஆவணத்தையே ஏற்றுக்கொள்ளும்.

அன்ஃபோல்டிங்வேர்டின் குறிப்புகள் ஏழு பத்திகள் கொண்ட அட்டவணையாக வருகின்றன. ஒரு நூலுக்கோ அதிகாரத்துக்கோ உரிய முன்னுரைக்கு அதில் வசன எண் கிடையாது. சோர்டு இதற்காகவே பூஜ்யத்தை ஒதுக்கியிருக்கிறது: நூல் முன்னுரை 0ஆம் அதிகாரம் 0ஆம் வசனத்திலும், அதிகார முன்னுரை அந்த அதிகாரத்தின் 0ஆம் வசனத்திலும் போய் அமரும். இதைக் கவனிக்காவிட்டால் முன்னுரைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

அட்டவணையின் நல்ல அம்சம், விளக்கப்படும் சொற்றொடரை எபிரெயத்திலோ கிரேக்கத்திலோ தந்து, வசனத்தில் அது எத்தனையாவது முறை வருவது என்றும் சொல்வது. அதனால் அந்தக் குறிப்பை எந்த மொழிபெயர்ப்போடும் பொருத்தலாம். குறிப்பிட்ட ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பின் சொற்களைத் தலைச்சொல்லாகக் கொண்ட குறிப்பு, வேறு மொழிபெயர்ப்பின் பக்கத்தில் வரும்போது வசனத்தில் இல்லாத சொல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

வசன எண்

வசன எண் எல்லாருக்கும் பொதுவானது என்ற நம்பிக்கை இந்த வேலையில் இறங்கிய முதல் வாரத்திலேயே உடையும். மல்கியா எபிரெய வேதாகமத்தில் 3 அதிகாரம், ஆங்கில மரபில் 4. யோவேல் நேர்மாறு: எபிரெயத்தில் 4, ஆங்கிலத்தில் 3. ஆங்கில மரபின் ஆதியாகமம் 31:55 எபிரெயத்தில் 32:1. சங்கீதங்களின் தலைப்பை எபிரெய மரபு வசனமாக எண்ணுவதால், 51ஆம் சங்கீதத்தில் ஆங்கில மரபின் 10ஆம் வசனம் அங்கே 12ஆக நிற்கிறது. லத்தீன் வல்கேட் மரபில் 23ஆம் சங்கீதமே 22ஆம் சங்கீதம்.

சோர்டில் இந்த எண்முறைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: கேஜேவி (ஆங்கில மரபு), வல்க் (வல்கேட்), லெனின்கிராட் (எபிரெயம்) என. எதையும் சொல்லாவிட்டால் கேஜேவி என்றே எடுத்துக்கொள்ளும். அந்த எண்முறையில் இல்லாத வசனம் வந்தால் சில கருவிகள் குறிப்பை முந்தைய வசனத்தோடு ஒட்டிவிடும். சில அடுத்த அதிகாரத்துக்குத் தள்ளிவிடும். பிழைச்செய்தி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மேலே சொன்ன இடங்களைக் கையால் திறந்து பார்ப்பதே நம்பகமான சோதனை.

தமிழில்

2019இல் வெளிவந்த இந்தியத் திருத்திய மொழிபெயர்ப்பின் தமிழ் வேதாகமமும் இதே உரிமத்தில் இருப்பதால், தமிழில் வசனத்தையும் குறிப்பையும் சேர்த்தே திறந்த தொகுதியாக வெளியிட வழியிருக்கிறது. வேடிக்கையான ஓர் இடறல்: அன்ஃபோல்டிங்வேர்டின் குறிப்புகளுக்குள் வரும் இணைப்புகளில் ‘டி ஏ’ என்ற ஈரெழுத்து அடிக்கடி தென்படும். தமிழுக்கான மொழிக்குறியீடும் அதுவே. ஆனால் அங்கே அது குறிப்பது ‘டிரான்ஸ்லேஷன் அகாடமி’ என்ற பயிற்சிக் கையேட்டை.

உண்மையான தடை பதிவின் அளவில் இருக்கிறது. சோர்டின் பழைய விளக்கவுரை வடிவத்தில் ஒரு பதிவு 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் போகிறது. ஆங்கிலத்தில் இடம் மிச்சமிருந்த ஒரு நீண்ட நூல் முன்னுரை, தமிழில் ஏறத்தாழ 21,800 குறிகளிலேயே எல்லையைத் தொட்டுவிடும். இதற்காகப் பின்னர் வந்த, பதிவின் அளவை 4 பைட்டில் குறிக்கும் வடிவத்தை, கருவியை இயக்கும்போதே தேர்ந்துகொள்ள வேண்டும்.