குப்பி சொல்லாத ரகசியம்

1942. பிலிப்பைன்ஸ் ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்கக் கடற்படைக்குக் கயிற்றுப் பஞ்சம் வந்தது. மணிலாக் கயிற்றுக்கு நார் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1937-இல் வரி போட்டு ஒடுக்கிய ஹெம்ப்பை, அதாவது போதை ஏறாத கஞ்சா வகையை, பயிரிடச் சொல்லி அரசாங்கமே படம் எடுத்து விவசாயிகளுக்குக் காட்டியது. போர் முடிந்ததும் செடியை ஒதுக்கிவிட்டார்கள். பின்னாளில் கடற்படையில் கஞ்சாப் பேச்சு எழுந்தபோது, கயிறு யார் நினைவிலும் இல்லை.

1981 மே 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். ஃப்ளோரிடா கடலில், நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வந்த விமானம், தளத்தில் நின்றவற்றின்மேல் மோதித் தீப்பிடித்தது. 14 பேர் பலி. விமானியின் உடலில் சளி மருந்து அளவுக்கு மீறி இருந்தது. ஆனால் பரபரப்பானது வேறு: இறந்த தளப் பணியாளர் சிலர் உடலில் கஞ்சாத் தடயம். விபத்துக்கு அது காரணமில்லை என்று கடற்படை சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கினால் தண்டனை என்ற உத்தரவு அந்த டிசம்பரிலேயே வந்துவிட்டது.

போதை தரும் டிஎச்சி உடலில் சிதைந்து மிஞ்சும் பொருளைத்தான் அந்தச் சோதனை தேடும். பிற்காலக் கணக்கில், ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராம் உறுதியானால் ஆள் மாட்டினார். புகைத்து வந்ததா, எண்ணெயில் கலந்து வந்ததா என்று சிறுநீர்க் குப்பி சொல்லாது. இந்த ஓட்டைதான் பிறகு ஆட்டத்தையே மாற்றியது.

2018 ஜனவரியில் வட கரோலினா ராணுவ முகாம்களைச் சேர்ந்த சுமார் 60 பேர் மின்சிகரெட் எண்ணெயை இழுத்துவிட்டு வாந்தி, படபடப்பு, வலிப்பு என்று மருத்துவமனைக்கு ஓடினார்கள். கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத சிபிடி என்று விற்ற எண்ணெய்களில் செயற்கைப் போதைப்பொருள் கலந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் விவசாயச் சட்டம், டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத ஹெம்ப்பை விடுதலை செய்தது. நாட்டு மக்களுக்குக் கதவு திறந்தது; சிப்பாய்க்கு?

2020 பிப்ரவரி 26 அன்று பென்டகன் கதவைச் சாத்தியது. கடையில் சட்டப்படி விற்றாலும் சிப்பாய் ஹெம்ப் பொருளைத் தொடக்கூடாது. லேபிளை நம்ப முடியாதாம்; டிஎச்சி எங்கிருந்து வந்தது என்று குப்பியும் சொல்லாதாம். கயிறு, துணி போன்றவற்றுக்கு விதிவிலக்கு. ஜூலையில் கடற்படை இன்னும் இறுக்கியது: ஹெம்ப் கலந்த ஷாம்பூ, சோப்பு, உதட்டுத் தைலம்கூடத் தடை. அதே மாதம் பிரதிநிதிகள் சபை, சிப்பாய்களுக்கு ஹெம்ப்பை அனுமதிக்கும் திருத்தத்தைப் பாதுகாப்பு மசோதாவில் 336–71 என்று நிறைவேற்றியிருந்தது. இறுதிச் சட்டத்தில் அந்தத் திருத்தம் இடம்பெறவில்லை.