செல் சமிக்ஞையும் எதிர்ப்பொருளும்: கும்மிடிப்பூண்டியில் அளக்க வேண்டியது எது?

எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கை வைத்தே தடுப்பூசித் திட்டத்தின் வெற்றியை மதிப்பிடுகிறோம். ஊசிக்குப் பின் எதிர்ப்பொருள் எவ்வளவு உருவானது, எவ்வளவு காலம் நிலைத்தது என்பதையும் அளக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் அது இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எதிர்ப்பொருளை உருவாக்குவது பி செல். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் அது, தன் ஏற்பி வழியே உரிய சமிக்ஞை கிடைத்தால்தான் வளரும்; கிடைக்காவிட்டால் மடியும். 1952இல் ஆக்டன் புருட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், ஓயாத தொற்றுகளுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தில், எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் இல்லாததைக் கண்டார். இந்நோயின் காரணம் 1993இல் புலப்பட்டது: ஏற்பியின் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் பி.டி.கே. என்ற நொதியின் மரபணுவில் பிழை. ஒரு நொதி பழுதானாலே எதிர்ப்பொருள் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

முதிர்ந்த பி செல் வீரியமாகச் செயல்பட, டி செல் என்ற மற்றொரு நோயெதிர்ப்புச் செல் தரும் சமிக்ஞையும் தேவை. ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பி) பாக்டீரியாவின் சர்க்கரை உறை மட்டும் கொண்ட தடுப்பூசிக்குக் கைக்குழந்தையின் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. அச்சர்க்கரையால் டி செல்லை அழைக்க முடியாது. அதையே ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால், பி செல் இரண்டையும் சேர்த்து விழுங்கிப் புரதத் துணுக்கை டி செல்லுக்குக் காட்டும். அப்போது பி செல்லின் மேலுள்ள சி.டி.40 என்ற ஏற்பி வழியே டி செல் தரும் சமிக்ஞையால் வீரியமான எதிர்ப்பொருளும் நினைவுச் செல்களும் உருவாகின்றன. 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வந்த, ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசியின் ஹிப் பகுதி இந்த அறிவின் விளைவே.

சூழலிலுள்ள வேதிப்பொருள்கள் இச்சமிக்ஞைகளில் குறுக்கிடக்கூடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் இரும்பு உருக்காலைகளும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உள்ளன. ஈயம் டி செல்களின் சமநிலையைக் குலைப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய உலோகத்தை உருக்கும்போதும் குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கும்போதும் டையாக்சின் உருவாகலாம். பி செல், எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறுவதை டையாக்சின் தடுப்பது ஆய்வகங்களில் நிறுவப்பட்டுள்ளது. ஃபரோ தீவுகளில் ஃபுளூரின் சேர்மங்கள் குறித்து 2012இல் வெளியான ஆய்வு, ஐந்து வயதில் இரத்தத்தில் அச்சேர்மங்கள் இருமடங்கு இருந்தால், ஏழு வயதில் டெட்டனஸ், டிப்தீரியா எதிர்ப்பொருள் ஏறத்தாழப் பாதியாக இருந்ததைப் பதிவு செய்தது. அங்குள்ள சேர்மம் வேறு. ஆனால் மாசின் பாதிப்பைத் தடுப்பூசி எதிர்ப்பொருளைக் கொண்டே அறியலாம் என்னும் முறை நமக்கும் பொருந்தும்.

இவ்வாறு அளந்து பார்ப்பது பெற்றோரை அச்சுறுத்தித் தடுப்பூசியிலிருந்து விலக்கும் என்ற மறுப்பு எழலாம். வேலூர் அனுபவம் அதற்கு விடை தருகிறது. போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை பெற்றும் பல குழந்தைகளுக்குப் போதிய எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்பதை வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் 1970களின் தொடக்கத்திலேயே அங்கு அளந்து காட்டினார். அதனால் மருந்து கைவிடப்படவில்லை. கூடுதல் தவணைகளின் தேவை உணரப்பட்டது. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடெனச் சான்று பெற்றது.

ஆகவே, கும்மிடிப்பூண்டியில் ஆலைகளை ஒட்டி வாழும் குழந்தைகளிடமும், தொலைவிலுள்ள ஊர்களின் குழந்தைகளிடமும் ஈய அளவையும் டெட்டனஸ், டிப்தீரியா, ஹிப் எதிர்ப்பொருள் அளவையும் ஒருசேர அளக்க வேண்டும். ஊட்டச்சத்து, குடல் தொற்று, தவணை தவறியமை ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். குறைவு தெரிந்தால் ஊக்கத் தவணை தருவதும், மாசைக் கட்டுப்படுத்துவதும் அரசின் கடமை.