மானியம் மீட்டருக்கா, குடித்தனத்துக்கா?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு அரசு தரும் உதவியைக் குறைகூறுவோர், அது வசதி படைத்தவர்களுக்கும் போய்ச் சேர்கிறது என்பார்கள். உண்மைதான். 2016 மே 23 அன்று முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதா, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆணையிட்டபோது வருமான வரம்பு எதையும் வைக்கவில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. சலுகை, குடித்தனத்தைப் பார்க்காமல் மீட்டரை மட்டுமே பார்க்கிறது; கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டிய மண்ணூர் போன்ற ஊர்களில் இதன் விளைவைக் காணலாம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பல குடித்தனங்களுக்கு இ.பி. இணைப்பு ஒன்றாகவே இருப்பது உண்டு; உள்ளே சப் மீட்டர். 'வாடகை இவ்வளவு, கரண்ட் தனி' என்பதுதான் பேச்சு.

2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த, அப்போதைய கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று குடித்தனங்கள், ஒவ்வொன்றும் இரு மாதத்தில் 180 யூனிட் செலவழிக்கின்றன. தனித்தனி இணைப்பு என்றால் 100 போக மிஞ்சும் 80 யூனிட்டுக்கு ரூ.2.25 வீதம் வீட்டுக்கு 180 ரூபாய். மூன்றும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்தம் 540 யூனிட். 500-ஐத் தாண்டியதும் ரூ.2.25 என்ற படியே மறைந்துவிடுகிறது. 100 போக அடுத்த 300 யூனிட்டுக்கு ரூ.4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய், கடைசி 40-க்கு 8 ரூபாய்: ஆக 2,270 ரூபாய். ஒரு பைசா லாபம் வைக்காத வீட்டுக்காரரும் குடித்தனத்துக்கு ஏறக்குறைய 757 ரூபாய் வாங்கியாக வேண்டும். ஆகவே, குடித்தனக்காரர் கூடுதலாகக் கட்டுவதற்கு வீட்டுக்காரரின் பேராசை மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுவது அவசரம். நான்கு மடங்குக்கு மேற்பட்ட இந்த ஏற்றம் கட்டண அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. இதே அட்டவணையில், ஒரே குடும்பம் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இரண்டு இணைப்பு வைத்திருந்தால் இலவசமும் இரண்டு முறை கிடைக்கிறது!

ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்புத் தரச் சட்டம் தடையாக இல்லை. மின்சாரச் சட்டம், 2003-இன் 43-ஆம் பிரிவு, இணைப்புக் கேட்கும் உரிமையைக் கட்டட உரிமையாளருக்கு மட்டுமின்றி அங்கே குடியிருப்பவருக்கும் தருகிறது. டெல்லி அரசு 2019 ஆகஸ்டில் மாதம் 200 யூனிட்வரை இலவசம் என்று அறிவித்தபோது வாடகைதாரர்கள் விடுபட்டுப்போனது உடனே வெளிப்பட்டது. அடுத்த மாதமே, வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்டினால் வீட்டுக்காரரின் தடையில்லாச் சான்று இல்லாமலே முன்கட்டண மீட்டர் பெறலாம் என்று திட்டம் வந்தது.

அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்குத் தனி இணைப்பு எதற்கு என்று கேட்கலாம். இதே கேள்வி சமையல் எரிவாயுவிலும் எழுந்ததுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர் தொழிலாளர்கள் குடும்ப அட்டையோ முகவரிச் சான்றோ இல்லாமல் சுய உறுதிமொழியின் பேரிலேயே இணைப்புப் பெற வழி செய்தார்கள். மின்சாரத்தில் அதற்கு ஈடானது முன்கட்டண மீட்டர். அறையைக் காலிசெய்யும் நாளில் கணக்கு முடிந்துவிடும். பாக்கியும் நிற்காது, அடுத்து வருபவர் தம் பெயரில் புதுக்கணக்குத் தொடங்கிக்கொள்வார்.