கொடைக்கானலில் கிடைத்த வானத்து இரும்பு

டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் ஆலைப் பகுதியில், காந்தம் ஒட்டுகிற கனத்த கருந்துண்டு ஒன்று கண்ணில் பட்டால், ஏதோ பட்டறையின் மிச்சம் என்றே நினைப்போம். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். விண்கல் என்று நம்பிச் சோதனைக்குக் கொண்டுவரப்படுபவற்றில் உலைக்கசடும் பழைய வார்ப்பிரும்பும் ஏராளம். அப்படியானால் வானிலிருந்து விழுந்த இரும்பை எவ்வாறு இனம் காண்பது? தமிழகத்திலேயே இதற்கோர் அரிய சான்று உண்டு: 1898இல் பழனி மலைத்தொடரில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 16 கிலோ எடையுள்ள கொடைக்கானல் இரும்பு விண்கல்.

முதல் அடையாளம் நிக்கல். விண்ணிரும்பில் அது பொதுவாக 5 விழுக்காட்டுக்குக் குறைவதில்லை. அடுத்தது, உள்ளே மறைந்திருக்கும் கோலம். துண்டை அறுத்து, மெருகேற்றி, நீர்த்த அமிலம் தடவினால் பெரும்பாலானவற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் எழும். 1808இல் வியன்னாவில் இதைக் கண்ட விட்மான்ஸ்டாட்டனின் பெயராலேயே அக்கோலம் வழங்குகிறது. சூடான உலோகம் பல்லாயிரம், பல லட்சம் ஆண்டுகளாக மெல்லக் குளிர்ந்தால்தான் அது உருவாகும். எந்த உலைக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

முன்பு பட்டைகளின் அகலத்தை வைத்தே வகை பிரித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து காலியம், ஜெர்மானியம், இரிடியம் ஆகியவற்றின் நுண்ணளவுகள் முக்கியமான அளவுகோலாயின. அந்தக் கணக்கில் கொடைக்கானல் கல் சேர்ந்த வகை 'டூ-ஈ'. அதன் இரும்புக்குள் சிலிக்கேட் கனிமங்கள் துளித்துளியாகப் பதிந்திருப்பதை 1906இலேயே வியன்னாவைச் சேர்ந்த பெர்வெர்த் விவரித்திருந்தார்.

அத்துளிகளே பின்னர் பெரிய செய்தியைச் சொல்லின. பர்னெட்டும் வாசர்பர்கும் ருபிடியம்-ஸ்ட்ரான்சியம் முறையில் கணித்து 1967இல் வெளியிட்ட வயது, சுமார் 380 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்தின் வயதோ ஏறக்குறைய 456 கோடி. ஆக, இவ்விரும்பு இன்றைய வடிவம் பெற்றது மிகவும் பிந்தித்தான். சிறுகோள் ஒன்றில் பின்னாளில் நேர்ந்த பெருமோதலே அதை உருக்கியிருக்கும் என்பது பரவலான விளக்கம். அதே 'டூ-ஈ' வகையில் 450 கோடி ஆண்டுகளை ஒட்டிய மூத்த கற்களும் உண்டு. பெயர் ஒன்றானாலும் எல்லாவற்றின் வரலாறும் ஒன்றல்ல.

1621இல் ஜலந்தர் அருகே விழுந்த இரும்பைச் சாதாரண இரும்புடன் கலந்து, ஜஹாங்கீர் வாளும் கத்தியும் செய்வித்தார். கத்தி வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் உலையில் காய்ந்து சம்மட்டி அடி பட்ட இரும்பில் பழைய கோலம் நிலைப்பதில்லை. கொடைக்கானல் இரும்பு கொல்லன் கைக்குப் போகவில்லை. 380 கோடி ஆண்டுக் கணக்கு நமக்குக் கிட்டியது அதனால்தான்.