எங்க ஊர் ராஜா இத்தாலி ஒயின் குடிச்சாரா?

போன மாசம் ஆன்சைட் முடிச்சு வந்த நண்பன் ஒருத்தன் ஒரு ஒயின் பாட்டிலைக் காட்டினான். லேபிளில் 'கம்பானியா' என்று இருந்தது. இத்தாலியில் நேபிள்ஸ், வெசூவியஸ் எரிமலை, பொம்பெய் எல்லாம் இருக்கிற பகுதி. நான் சும்மா இருந்திருக்கலாம். "இதையெல்லாம் எங்க ஊர் ராஜா ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே குடிச்சிட்டார் மச்சி" என்று எடுத்து விட்டேன். "ஆதாரம் இருக்கா?" என்றான் பாவி. ஆணி பிடுங்கிய நேரம் போக, மிச்ச நேரத்தில் தேடியதுதான் இந்தப் பதிவு.

எங்க ஊர் தென்னேரி, காஞ்சிபுரம் பக்கம். கடல் மாதிரி ஒரு ஏரி உண்டு. திரையன் வெட்டினதால திரையனேரி, அதுதான் மருவி தென்னேரி ஆச்சு என்பார் எங்க தாத்தா. அந்தத் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியதுதான் பெரும்பாணாற்றுப்படை. அதில் யவனர்களின் அன்ன விளக்கு உவமையாகவே வருகிறது. ஆனால் யவனர் நல்ல கலத்தில் கொண்டு வந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைச் சொல்வது புறநானூறு 56. நக்கீரர் அதைப் பாடியது பாண்டியனை. நம்மாளை இல்லை :(

சரி, அந்த மது எங்கே எப்படி உருவாச்சு?

கம்பானியாவில் அன்றைக்குப் பேர்போன சரக்கு ஃபலேர்னியன். மாசிகஸ் மலைச்சரிவில் விளைந்தது. நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்கிற ஒரே ஒயின் இதுதான் என்று எழுதி வைத்தவர் பிளினி. (கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது செத்துப்போன அதே பிளினிதான்.) நாம அகத்தியில் வெற்றிலைக்கொடி ஏற்றுவோம் இல்லையா, அவங்க நெட்டிலிங்கம் மாதிரி ஓங்கி வளரும் பாப்லர் மரத்தில் திராட்சைக்கொடியை ஏற்றினாங்க. அவ்வளவு உயரம் ஏறிப் பழம் பறிக்கணும் என்பதால், விழுந்து செத்தால் ஈமச்செலவு முதலாளியுடையது என்று கூலியாள் முன்கூட்டியே பேசிக்கொள்வானாம். இதையும் பிளினியே சொல்கிறார். நேபிள்ஸ் பக்கத்து அவெர்சாவில் 'அஸ்ப்ரினியோ' என்ற திராட்சையை இன்றும் இப்படித்தான் மரத்தில் ஏற்றி, நீள ஏணி போட்டுப் பறிக்கிறார்கள்.

பறித்த பழத்தைக் காலால் மிதித்து, மிச்சத்தைச் செக்கு மாதிரி ஒன்றில் பிழிந்து, சாற்றைக் கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் ஊற்றுவார்கள். அங்கேதான் அது புளித்து ஒயினாகும். பிறகு உள்ளே பைன்மரக் கீல் பூசிய, இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளில் அடைத்துக் கப்பலேற்றம். அலெக்சாண்டிரியா, நைல் நதி, பாலைவனத்தில் ஒட்டகம், செங்கடல் துறைமுகமான பெரெனிகே, அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்து நம்ம கரை.

நம்ம கரைக்கு வந்ததற்குச் சாட்சி அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவும் தோண்டிய இடம். கிரேக்கத் தீவான கோஸின் ஜாடி ஓடுகளோடு கம்பானியா ஓடுகளும் அங்கே கிடைத்தன. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வெசூவியஸ் பக்கத்து மண்ணில் கறுப்பு எரிமலை மணல் கலந்திருக்கும். ஓட்டை உடைத்துப் பார்த்தால் அந்தக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பாண்டிச்சேரி பக்கத்தில் கிடந்த ஓட்டில் இத்தாலி எரிமலை!

இதைப் படித்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். காஞ்சிபுரத்திலும், பாலாற்று முகத்துவாரத்தில் இருக்கும் வசவசமுத்திரத்திலும் கூம்பு வடிவ ஜாடிகள் கிடைத்திருக்கின்றன. ரோமானிய ஆம்போரா வகையோடு சேர்த்தே ரொம்ப நாள் பேசப்பட்டவை. ஆதாரம் கிடைச்சாச்சு என்று நண்பனுக்கு மெயில் டைப் பண்ணவே ஆரம்பித்துவிட்டேன்.

அங்கேதான் ஆப்பு. 2007-ல் ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர், இந்தியாவில் ஆம்போரா என்று பெயர் வாங்கிய ஓடுகளில் பலவும் மெசபடோமியா, பாரசீக வளைகுடா பக்கத்து 'டார்பிடோ' ஜாடிகள் என்று காட்டினார். கைப்பிடி இருக்காது, உள்ளே நிலக்கீல் பூச்சு. காலமும் இளந்திரையனுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அதிலும் ஒயின் வந்திருக்கலாம், ஆனால் இத்தாலி ஒயின் இல்லை. காஞ்சி ஜாடிகளை வைத்து இனி நான் கம்பானியா கதை விட முடியாது.

டைப் பண்ணின மெயிலை அழித்துவிட்டேன். "கம்பானியா ஒயின் தமிழ்க் கரைக்கு வந்தது உண்மை. எங்க ராஜா குடிச்சதுக்கு ஆதாரம் இல்லை. தோத்துட்டேன்" என்று இன்னொன்று அனுப்பினேன். கொஞ்சம் வலித்தது. கப்பல் வந்த பெருமையை எங்க ஊர் வரைக்கும் இழுத்துவர அவ்வளவு ஆசை எனக்கு.

ஊருக்குப் போனபோது தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். சிரித்தார்.

"ராஜா என்ன குடிச்சாரோ, யாருக்குடா தெரியும்? இந்த ஏரிக்கு மண்ணு சுமந்தவன் கள்ளுதான் குடிச்சிருப்பான்."

அவெர்சாவில் மரமேறினவன் ஞாபகம்தான் எனக்கு வந்தது. அவனும் ஃபலேர்னியன் குடித்திருக்க மாட்டான்.