மார்பக மீட்டுருவாக்கத்தில் சிலிகோன்: பொருளும் சான்றும்

முன்னுரை

நோயாலும் விபத்தாலும் இழந்த உறுப்புகளின் வடிவை மீட்டுத் தரும் அறுவை மருத்துவம், இருபதாம் நூற்றாண்டில் செயற்கைப் பொருள்களைப் பெரிதும் நாடியது. அவற்றுள் பரவலாக வழங்கியதும் கடும் வழக்குகளுக்கு உள்ளானதும் சிலிகோன். ஒரு பொருளின் தீங்கின்மை அதன் வேதியியல்பில் மட்டும் அடங்குவதன்று; செய்முறையும் நெடுங்காலக் கண்காணிப்புமே அதனை உறுதிசெய்கின்றன என்பதைச் சிலிகோன் மார்பக உள்வைப்புகளின் வரலாற்றைக்கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

முன்னோடி முயற்சிகள்

1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி, பாரஃபினை உடலுள் செலுத்தி வடிவம் திருத்தும் முறையைத் தொடங்கினார். செலுத்திய பாரஃபின் நாளடைவில் இடம்பெயர்ந்து கட்டிகளையும் புண்களையும் விளைத்தது. 1950களில் பயன்பட்ட பாலிவினைல் பஞ்சு, இழையம் ஊடுருவியதால் சுருங்கி இறுகியது. இத்தோல்விகளின் பின்னணியில், வெப்பத்தையும் வேதிமாற்றத்தையும் தாங்கும் சிலிகோன், உடலோடு வினைபுரியாப் பொருளாகக் கருதப்பட்டது. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ ஆகியோர் சிலிகோன் உறைக்குள் சிலிகோன் கூழை அடைத்த முதல் உள்வைப்பைப் பொருத்தினர்.

உடலின் மறுமொழி

அயற்பொருளைச் சுற்றி நாரிழைய உறையொன்றை வளர்ப்பது உடலின் இயல்பு. சிலிகோனும் அதற்கு விலக்காகவில்லை. சிலரிடம் அவ்வுறை இறுகி வலியையும் உருக்குலைவையும் தந்தது. உள்வைப்பு கிழிந்து கூழ் கசிதலும் நிகழ்ந்தது. மருத்துவக் கருவிகளை நெறிப்படுத்தும் அமெரிக்கச் சட்டத்திருத்தம் 1976இல் வந்தபோது, முன்பே சந்தையிலிருந்த இவை புதிய சான்று காட்டாமலே தொடர்ந்தன. 1992இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இவற்றைக் கட்டுப்படுத்தி, பெரும்பாலும் புற்றுநோய்க்குப் பிந்தைய மீட்டுருவாக்கத்துக்கு மட்டும் ஆய்வு நிபந்தனைகளோடு இடமளித்தது. வழக்குகள் பெருகவே டவ் கார்னிங் நிறுவனம் 1995இல் திவால் பாதுகாப்பு கோரியது.

1999இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, சிலிகோன் இணைப்பிழைய நோய்களை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை என்றது. உறைச் சுருக்கம், கிழிவு முதலிய உள்ளிடச் சிக்கல்களே முதன்மையானவை என்றும் கூறியது. அச்சம் எழுந்த இடத்தில் சான்று கிட்டவில்லை. சான்று கிட்டிய இடத்தில் முன்பு போதிய கவனம் இருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே பயனாளர் பதிவுகள் முறையாகத் திரட்டப்படாமையே இவ்விரண்டுக்கும் காரணம். எனவே 2006இல் மீண்டும் ஒப்புதல் அளித்தபோது, பெருந்தொகையான பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராயுமாறு உற்பத்தியாளர்கள் பணிக்கப்பட்டனர்.

ஒரே பெயர், வெவ்வேறு பொருள்கள்

2010இல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனத்தின் உள்வைப்புகள் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. மருத்துவத் தரமற்ற, தொழில்துறைப் பயன்பாட்டுக்குரிய சிலிகோன் கூழை அந்நிறுவனம் அடைத்திருந்தது. அதன் நிறுவனர் 2013இல் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். இங்கே பிழை, பொருளின் பெயருக்குள் மறைந்திருந்த தரத்தில் இருந்தது.

அடுத்த சிக்கல் மேற்பரப்பில் எழுந்தது. உறைச் சுருக்கத்தைக் குறைக்கும் நோக்குடன் சில உள்வைப்புகள் சொரசொரப்பாக உருவாக்கப்பட்டன. அரிதான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று அவ்வகை பொருத்தப்பட்டோரிடம் மிகுதியாகக் காணப்பட்டதால், அலர்கன் நிறுவனம் 2019இல் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பழைய சிக்கலுக்கான தீர்வே புதிய சிக்கலுக்கு வழியானது.

முடிவுரை

கூழின் தூய்மை, உறையின் உறுதி, மேற்பரப்பின் தன்மை, உடலுக்குள் கழிந்த காலம் ஆகிய நான்கும் சேர்ந்தே சிலிகோனின் தீங்கின்மையை முடிவுசெய்தன. உள்வைப்புப் பெறவிருப்போர் இவற்றை அறிந்தே தேர்ந்திட வேண்டும் என்னும் நோக்கில், 2021இல் அமெரிக்க நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கையையும் முடிவெடுப்புப் பட்டியலையும் கட்டாயமாக்கியது. முதல் உள்வைப்புக்கும் இவ்வாணைக்கும் இடையே 59 ஆண்டுகள் கழிந்தன. அக்காலம் முழுவதும் சான்று பிறந்த களம், ஆய்வுக்கூடத்தைவிடப் பெண்களின் உடலாகவே இருந்தது.